கண்ட்வாக்காரர் கிஷோர் குமாரின் ஊரில்

மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் ஓங்காரேஸ்வர் சிவன் கோயில் தரிசனத்துக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் பலர் கண்ட்வா ஜங்ஷனில் இறங்கியதும் பஸ் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். நான் ஊருக்குள் போனேன். காரணம், இந்திப் பாடகரும் நடிகருமான கிஷோர் குமார். அவருக்குப் பிடித்த பால் ஜலேபியும்தான்.

மேடையேறினால் 'கண்ட்வாக்காரன் கிஷோர் குமாரின் ராம் ராம், நமஸ்காரம்' என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். 1929 ஆகஸ்ட் 4 அன்று இங்கே வக்கீல் குஞ்சிலால் கங்குலிக்குக் கடைக்குட்டியாகப் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஆபாஸ் குமார். கடை கண்ணி நிறைந்த பாம்பே பஜாரில் கங்குலி குடும்பத்து வீடு இருக்கிறது. பராமரிப்பில்லாமல் சிதைந்துபோய் நிற்பதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. அசோக் குமார், அனூப் குமார், கிஷோர் குமார் என்று மூன்று நடிகர்களை வளர்த்த வீடு அது!

பெரியண்ணன் அசோக் குமார் பம்பாயில் பெரிய ஸ்டார். தம்பியும் நடிகனாக வேண்டும் என்பது அவர் ஆசை. தம்பிக்கோ பாட்டுதான் உயிர். 1946-இல் 'ஷிகாரி'யில் தலைகாட்டினார், 1948-இல் 'ஜித்தி'யில் தேவ் ஆனந்துக்காகப் பாடினார். ஐம்பதுகளில் நகைச்சுவை நாயகனாகக் கொடிகட்டிப் பறந்தார். நம் ஏவி.எம். எடுத்த இந்திப் படங்களிலும் நடித்திருக்கிறார். அவை தவிர, 1956-இல் வந்த 'நியூ டெல்லி'யில், டெல்லியில் வாடகைக்கு வீடு கிடைக்காத பஞ்சாபி இளைஞன் தமிழனாக வேஷம் போடுவான். ஜோடி வைஜெயந்திமாலா. தமிழ் ரசிகர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம்.

1969-இல் 'ஆராதனா' வந்த பிறகு பின்னணிப் பாடகராக அவரை யாராலும் நெருங்க முடியவில்லை. ஃபிலிம்ஃபேர் விருது மட்டும் எட்டு முறை. எமர்ஜென்சி காலத்தில் காங்கிரஸ் கூட்டத்தில் பாட மறுத்ததால் 1976-இல் ஆல் இந்தியா ரேடியோவில் அவர் பாட்டுக்குத் தடை விழுந்தது. அப்போதும் அவர் இறங்கிப் போகவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, ஜலேபிக்கு வருவோம். 'பால் ஜலேபி சாப்பிடுவோம், கண்ட்வாவிலேயே குடியேறுவோம்' என்று அடிக்கடி சொல்வாராம். பஜாரில் ஒரு கடையில் கேட்டேன். எண்ணெயிலிருந்து எடுத்துப் பாகில் முக்கியெடுத்த ஜலேபியைச் சூடான பாலில் போட்டுக் கொடுத்தார்கள். நடுப்பகுதி பாலில் ஊறி மெத்தென்று இருக்க, ஓரம் மட்டும் மொறுமொறுவென்று பல்லில் படுகிறது. ரொம்ப நேரம் ஊறவிடாமல் உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

அப்புறம் இந்தூர் சாலையில் இருக்கும் சமாதிக்குப் போனேன். பம்பாய் வாழ்க்கை அவருக்குச் சலித்துப் போயிருந்தது. 1985-இல் ஒரு பேட்டியில், கண்ட்வாவுக்கே திரும்பிவிடப் போவதாகச் சொன்னார். அது நடக்கவில்லை. 1987 அக்டோபர் 13, அண்ணன் அசோக் குமாரின் பிறந்த நாள். அன்றைக்கு மாரடைப்பில் போய்விட்டார். முந்தின நாள்கூட ஆஷா போஸ்லேயுடன் ஒரு பாட்டு ரெக்கார்டிங் செய்திருக்கிறார். உடலைக் கண்ட்வாவுக்குக் கொண்டுவந்துதான் தகனம் செய்தார்கள். கிஷோர் குமாரின் பிறந்த நாளன்று ரசிகர்கள் இங்கே பால் ஜலேபி படைத்துப் பாடுகிறார்கள்.

அங்கே நின்றபோது எனக்கு 'தூர் ககன் கீ சாவோன் மே' நினைவுக்கு வந்தது. 1964-இல் அவரே எழுதி, இயக்கி, இசையமைத்து நடித்த படம். போர் முடிந்து ஊர் திரும்பும் சிப்பாயின் வீடு எரிந்து கிடக்கும், மனைவி இருக்க மாட்டாள், மகன் பேச்சிழந்திருப்பான். மகனாக நடித்தது அவருடைய மகன் அமித் குமாரேதான். சிரிக்க வைக்கும் ஆள் என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்திலேயே, ஊர் திரும்புகிறவனின் வலியை இப்படி எடுத்திருக்கிறார். என்னைக் கேட்டால், அவருடைய ஆகச் சிறந்த படம் இதுதான்.

கண்ட்வா வழியாகப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள். ஓங்காரேஸ்வருக்கு பஸ் மத்தியானமும் கிடைக்கும்.