டிரஸ்டில் சேராத வீடு

என் பெரியப்பா கலிபோர்னியாவில் காலமானபோது, அவருடைய மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட கோப்பு ஒன்று இருந்தது. முறையாகக் கையெழுத்தாகி நோட்டரி முத்திரையும் பெற்றிருந்த லிவிங் டிரஸ்ட் பத்திரம் அது. உயிரோடு இருக்கும்போதே சொத்தை டிரஸ்டின் பெயருக்கு மாற்றி, தமக்குப் பின் நீதிமன்றம் போகாமல் வாரிசுகளுக்குச் சேர்க்கும் ஏற்பாடு அது. பெரியம்மா முன்பே போய்விட்டதால், பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏறக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். ஆனால் கவுண்டியின், அதாவது அந்த வட்டாரத்தின், சொத்துப் பதிவேட்டைப் பார்த்தபோது, வீடு டிரஸ்டின் பெயரில் இல்லை. அவர் பெயரிலேயே இருந்தது.

வட்டி குறைகிறது என்று வீட்டுக் கடனை மாற்றியபோது, கடன் கொடுத்தவர்கள் கேட்டபடி வீட்டை டிரஸ்டிலிருந்து தம் பெயருக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். அதை டிரஸ்டுக்கே திருப்பி எழுதும் ஒற்றைப் பக்கப் பத்திரம் கடைசி வரை எழுதப்படவில்லை. விடுபட்ட சொத்தெல்லாம் டிரஸ்டுக்குப் போகட்டும் என்று உயிலில் ஒரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் அந்த உயிலே புரோபேட் வழியாகத்தான், அதாவது நீதிமன்றம் உயிலை உறுதிசெய்து சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் நடைமுறை வழியாகத்தான், செல்ல வேண்டியிருந்தது.

அந்த மாநிலத்தில் வக்கீலுக்கான கட்டண வரம்பைச் சட்டமே வகுத்திருக்கிறது. முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2 என்று கணக்கு போகிறது. கொடுமை என்னவென்றால், கடனைக் கழிக்காமல் சொத்தின் முழு மதிப்பின் மீதே இது கணக்கிடப்படுகிறது. வீட்டின் மதிப்பு 10 லட்சம், அதில் பாக்கிக் கடன் 6 லட்சம் என்றாலும், 10 லட்சத்துக்கே கணக்கிட்டு வக்கீலுக்கு 23,000 டாலர் வரை ஆகும். உயிலை நிறைவேற்றுபவருக்கும் அதே தொகை உண்டு. எங்கள் அண்ணன் அதை வேண்டாமென்று விட்டுவிட்டார். மனுக் கட்டணம், செய்தித்தாள் அறிவிப்பு, மதிப்பீட்டாளருக்கு 0.1 சதவீதம் ஆகியவை தனி. கடன்காரர்கள் உரிமை கோருவதற்கான 4 மாத அவகாசமும் சேர்ந்து, முடிய ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

டிரஸ்டின் சொத்துப் பட்டியலில் எழுதிவிட்டு உரிமையை மட்டும் மாற்றாமல் விட்டவர்களுக்கு, 1993-இல் வந்த ஹெக்ஸ்டாட் வழக்கின் தீர்ப்பு புரோபேட்டைத் தவிர்க்க ஒரு வழி திறந்திருக்கிறது. பெரியப்பாவோ தாமே கையெழுத்திட்டு வீட்டை வெளியே எடுத்திருந்ததால், அந்த வழியை நம்ப வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

டிரஸ்ட் என்றதும் நம்மவர்கள் பலருக்குத் தர்ம காரியமே நினைவுக்கு வருகிறது. இது அதுவல்ல. உயிரோடு இருக்கும்வரை நாமே டிரஸ்டியாக இருந்து சொத்தை ஆளலாம், விற்கலாம், டிரஸ்டையே கலைக்கலாம். நமக்குப் பின் நாம் குறித்துவைத்த டிரஸ்டி நீதிமன்ற அனுமதியின்றிப் பொறுப்பேற்பார். இவ்வளவு அதிகாரம் நம் கையில் இருப்பதாலேயே, இவ்வகை டிரஸ்ட் நம் கடன்காரர்களிடமிருந்து சொத்தைக் காக்காது. வரியையும் அதுவாகக் குறைக்காது. வீட்டை அதில் சேர்த்தால் சொத்து வரி ஏறுமோ, வங்கி முழுக் கடனையும் உடனே கேட்குமோ என்று பலர் தயங்குகிறார்கள். தாம் குடியிருக்கும் வீட்டைத் தமக்கே பயன் தரும் இத்தகைய டிரஸ்டுக்கு மாற்றுவதால், அங்கே இரண்டும் நேர்வதில்லை.

சென்ற மாதம் அண்ணனும் தம் வீட்டுக் கடனை மாற்றினார். டிரஸ்டுக்குத் திருப்பி எழுதும் பத்திரத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தார். கடன் பத்திரங்கள் பதிவான கையோடு அதையும் பதிந்து, பதிவு எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.