ஒரு வரி

"அந்தப் புள்ளியை எடுத்துடு மக்களே" என்று சொன்னது நான்தான். என் மாணவியின் ஆய்வு வரைபடத்தில் இருந்த ஒரு புள்ளி அது. அவள் உடனே தலையாட்டவில்லை.

"எடுக்கலாம் சார். ஏன் எடுத்தோம்னு ஒரு வரி எழுதண்டாமா?"

"கேட்டா சொல்லிக்கலாம்" என்றேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை.

எடுத்தது சரிதான், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. கிராபீன் ஆக்சைடு என்ற மெல்லிய கார்பன் படலத்தில், நியோடிமியம் என்ற அரிய மண் உலோகத்தின் அயனி எவ்வளவு ஒட்டும் என்பது கரைசலின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவைப் பொறுத்தது. அமிலம் தூக்கலாக இருந்தால் படலத்தில் அயனி ஒட்டும் இடங்களான கார்பாக்சில் தொகுதிகள் புரோட்டானை விடாது. மூன்று நேர்மின்சுமையோடு வரும் நியோடிமியத்துக்கு உட்கார இடம் கிடைக்காது. பிஎச் ஏற ஏறப் புரோட்டான் கழன்று, அந்த இடங்களில் எதிர்மின்சுமை வரும், அயனியும் வந்து ஒட்டும். 6 வரைக்கும் வரைபடம் பார்க்க அழகாக ஏறும்.

8-ஐத் தாண்டினால் கதை வேறு. நியோடிமியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிய ஆரம்பித்துவிடும். நாங்களோ கரைசலை வடிகட்டி, ஆர்சனாசோ சாயம் சேர்த்து, 650 நானோமீட்டர் பக்கத்தில் ஒளி உறிஞ்சலைப் பார்க்கிறவர்கள். கரைசலில் மீதி எவ்வளவு என்பது மட்டும்தான் அதில் தெரியும். காணாமல் போனது படலத்தில் ஒட்டியதா, வடிதாளில் மாட்டியதா என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்?

8.5-ல் கிட்டத்தட்ட முழுசுமே காணாமல் போயிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த எண்ணை வைத்தே ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பிவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் அவள் வந்து நின்றாள்.

"படலமே போடாத பாட்டில் சார். இதுலயும் போயிட்டு."

இப்படிப் படலம் போடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் பாட்டிலைத்தான் பிளாங்க் என்போம். அதை வைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவன் நான். அப்போதும் சும்மா இருந்தேனா? கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் என்றேன். அப்படி ஒட்டுவதும் உண்டுதான், ஆனால் இவ்வளவு ஒட்டாது. அவள் பதில் பேசாமல் போய் பிளாஸ்டிக் பாட்டிலிலும் செய்துவிட்டு வந்தாள். அதிலும் அதேதான். அப்புறம்தான் புள்ளியை எடுக்கும் பேச்சு.

பல ஆய்வுக் கட்டுரைகளிலும் வரைபடம் 6, 7-லேயே நின்றுவிடும். வீழ்படிவு குறுக்கே வரும் என்று தெரிந்துதான் நிறுத்துகிறார்கள். நாங்களும் 6-ல் நிறுத்தினோம். மற்றப் புள்ளிகள் எல்லாம் உண்மை. கருத்தரங்கில் பேசியபோதும் 6-க்கு வந்த எண்ணைத்தான் சொன்னேன். அச்சான சுருக்கத்தில் இருந்த எண் வேறு என்பதை யாரும் கவனிக்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை.

இதை நான் பலமுறை எனக்கே சொல்லியிருக்கிறேன் என்பதுதான் உறுத்துகிறது.

அவள் மணவாளக்குறிச்சிப் பக்கம். சேர்ந்த அன்று, "எங்க ஊரு மண்ணுல கெடக்கதுதானா சார் இது?" என்று கேட்டாள். அதேதான் என்றேன். அந்த மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் சீரியமும் லாந்தனமும் அதிகம், அடுத்து நியோடிமியம், கூடவே தோரியம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்ற கதையையும் சொன்னேன். வேண்டாத அழுக்கு என்று யாராவது நாரை உதறிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்சம் நாடகத்தனமாகவே கேட்டேன். அவள் சிரித்தாள். அவளுடைய பிளாங்க் பாட்டிலை நான் உதறியபோது அந்தக் கதை அவளுக்கு நினைவு வந்ததா, தெரியாது. எனக்கு வரவில்லை.

அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சுருக்கத்தைக் கையில் எடுத்திருக்கலாம், ஏன் முதலிலேயே பிளாங்க் வைக்கவில்லை என்று அவளைக் கேட்டிருக்கலாம். மதிப்பெண் அவளுடையது. அவளைக் காப்பாற்றத்தான் வேண்டாம் என்றேன் என்று நினைக்கும்போது கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. பதில் இல்லாதவன் நான்.

அவள் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவாள். இதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இந்த வருஷம் இன்னொரு பையன் இதே வேலையைத் தொடங்கியிருக்கிறான். தேங்காய்ச் சிரட்டைக் கரி, மேலே மெல்லிய பூச்சு. ஒவ்வொரு பிஎச்சுக்கும் படலம் இல்லாத பாட்டில் ஒன்று கட்டாயம் வைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"முன்னாடி ஏதும் பிரச்சினை ஆச்சா சார்?" என்று கேட்டான்.

"இல்லப்பா, எப்பவும் செய்யறதுதான்" என்றேன்.