ஜொகூரின் தரவு மையங்களும் தண்ணீரும்

சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கான (சர்வர்கள் எனப்படும் கணினிகளை ஏராளமாக வைத்து இயக்கும் கட்டடங்கள்) அனுமதியை நிறுத்திவைத்து, 2022-இல் கடும் நிபந்தனைகளுடன் மீண்டும் கதவைத் திறப்பதற்குள், நீரிணைக்கு அப்பால் உள்ள மலேசியாவின் ஜொகூர் மாநிலம் அந்த முதலீடுகளைத் தன் பக்கம் ஈர்க்கத் தொடங்கியிருந்தது. செடெனாக், நூசாஜெயா பகுதிகளின் தரவு மையங்கள் அந்த வளர்ச்சியின் அடையாளங்கள். வளரும் நாடொன்றுக்கு இது அரிய வாய்ப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் தண்ணீரைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. சர்வர்கள் வெளியிடும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு நீர் குளிர்விப்புக் கோபுரத்துக்குச் செல்கிறது. அங்கே ஒரு பகுதி ஆவியாகிவிட, எஞ்சிய நீரில் உப்புகள் செறிந்துகொண்டே போவதால், அதையும் அவ்வப்போது வெளியேற்றிவிட்டுப் புதுநீர் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டலத்தில் வெளிக்காற்றை மட்டும் நம்பியிருக்கவும் இயலாது.

இந்த வேலைக்குக் குடிநீர் தேவையே இல்லை. நன்கு சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் போதும். அந்த நீருக்கான குழாய் வந்து சேராத இடத்தில் அனுமதி வழங்கக் கூடாது என்றும், ஒவ்வொரு மையமும் தன் நீர்ப் பயன்பாட்டை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்றும் மாநில அரசு இப்போதே விதி வகுக்க வேண்டும்.