பிழை பூஜ்யம் என்று வந்த நாள்

"சார், பிழை சின்னதா இல்ல. சரியா ஜீரோ. அப்படி வரலாமா?"

"ஒத்திசைவுன்னா அதுதானேம்மா. எழுதிடுங்க."

கேட்டவர் என் ஆராய்ச்சி மாணவி, பதில் சொன்னது நான். இந்த இரண்டு வரிகள்தான் இன்னும் என்னை விடவில்லை. ஒத்திசைவு என்றால் பிணைத்த இரண்டு அமைப்புகள் ஒரே பாதையில் போவது. பிழை என்பது அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம்.

முதலாவது இரண்டாவதைத் தன் பக்கம் இழுக்கும் ஒருவழிப் பிணைப்பில் இரண்டு மேக்கி-கிளாஸ் சமன்பாடுகள். இவற்றில் இப்போதைய மாற்றம் பழைய மதிப்பையும் சார்ந்திருக்கும். எவ்வளவு பழையது என்பதுதான் தாமதம், இங்கே 17. அளவுருக்களுக்கு வழக்கமான 0.2, 0.1, அடுக்கு 10 போட்டால், பிணைப்பு வலிமை 0.305-ஐத் தாண்டியதும் ஒத்திசைவு உறுதி என்று பிழை தேய்ந்தே தீரும் என்று நிறுவும் கிராசோவ்ஸ்கி-லியாபுனோவ் வழியில் காகிதத்திலேயே காட்டிவிடலாம். அது போதுமான நிபந்தனை மட்டுமே. அதற்குக் கீழேயும் ஒத்திசையும். எதுவரை என்பதைக் கணினியிடம்தான் கேட்க வேண்டும். அவர் கேட்டார். ஒத்திசைவு முடியும் அந்த எல்லையை ஒட்டிய ஒரு மதிப்பில் கணினி பூஜ்யம் என்றது.

கணினி சுமார் 16 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். இரண்டு பாதைகளும் ஒரு தாமத நீளம் முழுக்கக் கடைசி இலக்கம்வரை ஒன்றாகிவிட்டால், அப்புறம் பிரியவே பிரியாது. சின்னப் பிழையையும் பெருக்கிவிடும் கேயாஸ் இருந்தும் பயனில்லை, பெருக்குவதற்குப் பிழை வேண்டுமே! இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கணக்கிடும் நேரப் படி 0.01 என்றால், ஒரு தாமத நீளத்துக்கு நிலை என்பதே 1700 எண்கள். அத்தனையும் தற்செயலாகப் பொருந்துமா என்று நினைத்தேன். அவை தனித்தனியாகப் பொருந்த வேண்டியதில்லை. எல்லைக்கு அருகே பிழை பல மடங்கு ஏறி இறங்கும். ஒரே ஒரு ஆழமான இறக்கம் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அந்த முடிவோடு கட்டுரை வெளிவந்த பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டும் அச்சாக ஒன்றாகிவிடாதபடி இரண்டாவது அமைப்பின் தாமதத்தை 17.01 ஆக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார். பிழையில் நெடுநேரம் அமைதி, திடீரென்று ஒரு வெடிப்பு, மறுபடி அமைதி. படத்தை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

சரி, என் பக்கமும் ஒரு வாதம் உண்டு. குறுக்கு லியாபுனோவ் அடுக்கு (பிழை வளர்கிறதா தேய்கிறதா என்று சொல்லும் எண், எதிர்மறை என்றால் தேய்கிறது) சராசரியில் எதிர்மறையாக இருந்தாலும், இடையிடையே நேர்மறையாகும் துண்டுகள் இருக்கலாம். அளவுருவில் சிறு வேறுபாடு வைத்தால் அங்கே வெடிப்பு வரும். அதனால் ஒத்திசைவே பொய் என்று ஆகிவிடாது. இதை அவரிடமும் சொன்னேன், கொஞ்சம் வேகமாகவே. பிறகு அடுக்கைக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஓட்டும் நேரத்தை நீட்டினால் குறி மாறியது, இன்னும் நீட்டினால் மறுபடி மாறியது. நான் சொன்னதும் இருக்கலாம், ஒத்திசைவே இல்லை, பூஜ்யம் கணினியின் வேலை என்று அவர் பயந்ததும் இருக்கலாம்.

அன்றைக்கு அவர் கேட்டது ஒரு கேள்வி. நான் கொடுத்தது ஒரு வரையறை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து படத்தைப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேனா? தெரியவில்லை.

திருத்தம் அனுப்பலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

பாதி எழுதிய திருத்தக் கடிதம் இன்னும் என் கணினியில் கிடக்கிறது.