கோடு போட்ட கட்டம்

மகளின் பிறப்பைப் பதியப் போனபோது ‘இனம்’ என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. “இலங்கைத் தமிழர்னு போட்டுடுங்க தம்பி, பிள்ளைக்கு நல்லது” என்றார் வரிசையில் நின்ற ஒரு ஐயா. என் சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’. நான் இந்தியாவை டிவியில்தான் பார்த்திருக்கிறேன்; பிறந்தது மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில்.

அந்த ஐயா சொன்னதைத்தான் நான் வேறு விதத்தில் பல வருடம் செய்துகொண்டிருந்தேன். கொழும்பில் ஊர் கேட்டால் ‘நுவரெலியா’ என்பேன். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. ஒருநாள் போனில் அம்மாவிடம் “பெரட்டுக்குப் போயிட்டியாம்மா?” என்று கேட்டதைக் கேட்டு, அறையில் இருந்த யாழ்ப்பாண நண்பன் “பெரட்டு எண்டா என்னடா?” என்றான். கடை என்று சமாளித்தேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பாவம், அவன் சும்மாதான் கேட்டான். அப்புறம் அவன் பேச்சையே பேசப் பழகினேன். ஊருக்குப் போனால் அப்பாயி வாயைப் பொத்திச் சிரிக்கும்.

படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது: பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் பெயர், வருடம், இடம். என் சான்றிதழில் அங்கே வெறும் கோடு. அப்பாவின் விவரம் கேட்டு வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்து தகரப்பெட்டியை இழுத்தார். உள்ளே தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம், அது நிராகரிக்கப்பட்ட கடிதம். 1948 சட்டப்படி, இங்கே பிறந்தவர்கூடத் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும். இந்தியாவில் துறையூர்ப் பக்கத்தில் பிறந்த தாத்தா எதைக் காட்டுவார்? எங்கள் ஆட்களுக்குப் பிறப்பு அத்தாட்சியே அபூர்வம். “கள்ளத்தோணில வந்தவன்னு கூப்பிட்டப்பவும் அவரு தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியக் கீழ போடல” என்றார் அப்பா, கடிதத்தை மடித்துக்கொண்டே.

குடிசன மதிப்பீட்டில் எங்கள் தொகை 1971இல் 11 லட்சத்து 74 ஆயிரம். 2012இல் 8 லட்சத்து 39 ஆயிரம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஒரு பக்கம். ஊரை மறைத்த என்னைப் போன்றவர்களும் அந்தக் குறைவில் இருப்பார்கள் என்று அன்றுதான் உறைத்தது.

மறுநாள் ‘இந்தியத் தமிழர்’ என்றே எழுதினேன். பிடித்து எழுதவில்லை, அப்பாவின் கடதாசியோடு பிள்ளையின் கடதாசி ஒட்ட வேண்டும் என்று தோன்றியது. பாட்டன் கட்டத்தில் அப்பாவின் பெயர். “பிறந்த இடம்?” என்று எழுதுவினைஞர் கேட்டார். தோட்டத்தையும் டிவிஷனையும் சத்தமாகவே சொன்னேன்.

2024 கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்’ என்று ஒரே வரியில் இருந்தது. நான் வாசித்துக் காட்டியதும் அப்பா, “நடுவுல இருக்கிற கோட்டுக்கு நாம எந்தப் பக்கம்டா?” என்றார்.

“ரெண்டாவது பக்கம்ப்பா.”

“அப்ப மொதப் பக்கம் யாரு, எங்கப்பனா?”


பெட்டி இப்போது என் அலுமாரியில் இருக்கிறது.