மலை ரயிலுக்கு எஞ்சின் பின்னால்: ஏஐ படத்துக்கு ப்ராம்ப்ட் எழுதிப் பழகுவது

'நீலகிரி மலை ரயில், அழகான காட்சி, பனிமூட்டம், 8கே.' ஏஐயால் படம் உருவாக்கும் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் முதல் நாள் எழுதும் ப்ராம்ப்ட், அதாவது என்ன படம் வேண்டும் என்று ஏஐக்குச் சொல்லும் வாசகம், அநேகமாக இந்த மாதிரிதான் இருக்கும். வந்து விழும் படத்தில் கூம்பு மரக் காடு, உச்சியில் பனிக்கட்டி, முன்னால் புகை கக்கும் எஞ்சின். ஊட்டிக்காரர் யாரிடம் காட்டினாலும் சிரிப்பார். தேர்வாளரும் ஊட்டிக்காரராக இருந்தால் மதிப்பெண் அங்கேயே போய்விடும்.

நாம் சொல்லாமல் விட்ட இடத்தை, தான் அதிகம் பார்த்த படங்களைக் கொண்டு ஏஐ நிரப்பிக்கொள்ளும். மலை, ரயில், பனி என்று மூன்று சொல் கொடுத்தால் அது அதிகம் பார்த்திருப்பது ஆல்ப்ஸ் மலையை. ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் நம்பாமல், கண்ணால் பார்க்கக்கூடியதைப் பொருள் பொருளாக எழுத வேண்டும். 'அழகான', 'பிரம்மாண்டமான' போன்ற சொற்களால் பெரிய பயனில்லை. அவை பிடிக்கும் இடத்தில் ஒரு மரத்தின் பெயரை எழுதலாம்.

ரயிலையே எடுத்துக்கொள்வோம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை ஓடும். கிட்டத்தட்ட 12 அடி போனால் 1 அடி ஏறுகிற சரிவு அது. ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். முன்னால் போவது பெட்டிதான். பெட்டிகள் நீலமும் வெளிர்மஞ்சளும். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின். அந்தப் பகுதியில் உள்ள லவ்டேல் நிலையக் காட்சியில் நீராவியைப் போட்டால் சிறப்பு ரயிலா என்ற கேள்வி வரும்.

இதை இப்படி எழுதலாம்:

'மலைச் சரிவில் ஏறும் குறுகிய ரயில், மேலேயிருந்து முக்கால் பக்கப் பார்வை. முதலில் வருவது நீலமும் வெளிர்மஞ்சளும் பூசிய மரப்பெட்டி, அதன் முன்மேடையில் காக்கி உடுத்திய ஒருவர் நிற்கிறார். மொத்தம் மூன்று பெட்டிகள். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் கறுத்த நீராவி எஞ்சின், புகை அங்கிருந்து மட்டும் எழுகிறது. தண்டவாளத்தின் நடுவே பல் வெட்டிய மூன்றாவது பட்டை. இடப்பக்கம் ஈரப் பாறைச் சுவர், வலப்பக்கம் அகன்ற இலை மரங்கள். காலை மூடுபனி, எங்கும் சீராகப் பரவிய சாம்பல் வெளிச்சம்.'

வரிசையைக் கவனியுங்கள். படம் உருவாக்கும் பல ஏஐ மாடல்களில் முதலில் வரும் சொற்களுக்குப் பிடிமானம் அதிகம். அதனால் எது, எந்தக் கோணம் என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. நிறம் அதற்குரிய பொருளை ஒட்டியே நிற்கிறது. 'நீலப் பெட்டி, சிவப்புக் கொடி, பச்சைக் கம்பி' என்று ஒரே மூச்சில் அடுக்கினால் நிறங்கள் இடம் மாறிக் கம்பி சிவப்பாகிவிடும். மூன்று பெட்டி என்று நிறுத்தியதும் காரணத்தோடுதான். மூன்று நான்கு வரை எண்ணிக்கை ஓரளவு சரியாக வரும். ஏழு என்று கேட்டால் ஐந்தும் வரலாம், ஒன்பதும் வரலாம்.

வெளிச்சத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். மூடுபனியையும் கேட்டு, 'பொன்னிற வெயில், கூர்மையான நிழல்' என்றும் கேட்டால் இரண்டும் அரைகுறையாகக் கலந்து வரும். குன்னூரில் ஐப்பசி மழைக்காலப் பகல் என்றால் நிழலே கிடையாது. ஊட்டியில் மார்கழி, தை விடியல் என்றால் புல்லின்மேல் வெள்ளை உறைபனி, வானம் துல்லியம், வெயில் சாய்வு. இதில் ஒன்றை மட்டும் தேர்ந்து எழுதுங்கள்.

அடுத்தது 'இல்லை' என்ற சொல். 'பைன் மரம் இல்லாமல்' என்று எழுதினால் பல மாடல்களில் பைன் மரமே வந்து நிற்கும். எழுத்தைப் படிக்கும் பகுதி 'பைன்' என்பதைப் பிடிக்கும் அளவுக்கு 'இல்லாமல்' என்பதைப் பிடிப்பதில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட மாடலில் வேண்டாதவற்றைப் போட நெகட்டிவ் ப்ராம்ப்ட் என்று தனிக் கட்டம் உண்டு. 'இல்லாமல்' சேர்க்காமல் வெறும் 'பைன் மரம், பனிச் சிகரம்' என்று அங்கே போடுங்கள். அந்தக் கட்டம் இல்லாத கருவியில், வேண்டாததைச் சொல்லாமல் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவதே வழி.

தமிழில் எழுதலாமா? சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றில் தாராளமாக எழுதலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் 1.5, எக்ஸ்எல் பதிப்புகளில் ஆங்கிலம்தான். அவை எழுத்தைப் படிக்கப் பயன்படுத்தும் க்ளிப் என்ற பகுதி ஆங்கிலத்தில் பழகியது. ஒரு தடவைக்கு 77 டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு)தான் கொள்ளும், அதிலும் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இரண்டு போய்விடும். தமிழ் எழுத்துகள் அங்கே துண்டுதுண்டாக உடைவதால் ஒரு வரி முடியுமுன்பே இடம் தீர்ந்துவிடும்.

ஆங்கிலமாக்கும்போது நம் மலைச் சொற்கள் கவிழ்த்துவிடும். இங்கே எல்லோரும் கற்பூர மரம் என்பது யூகலிப்டஸை. மொழிபெயர்ப்புக் கருவிக்குக் கொடுத்தால் நிஜமான கற்பூரம் தரும் வேறொரு மரத்தின் பெயரைத் தரும். வரையாட்டை 'மலை ஆடு' என்று மாற்றினால் அமெரிக்க ராக்கி மலையின் வெள்ளை ஆடு வந்து நிற்கும். 'நீலகிரி தார்' என்ற பெயரோடு உருவத்தையும் எழுதுங்கள்: குட்டையாகப் பின்னோக்கி வளைந்த கொம்பு, குட்டை முடி, கிடாவானால் கரும்பழுப்பு உடலும் முதுகில் வெளிறிய சேணம் போன்ற பட்டையும். இவ்வளவும் எழுதாவிட்டால் கொம்பு ஐபெக்ஸ் என்ற காட்டாட்டின் அளவுக்கு நீண்டுவிடும்.

குறிஞ்சியும் அப்படித்தான். ஊதா, மலை, பூ என்றதும் மாடல் பாத்தி பிடித்த லாவெண்டர் வயலைக் கொடுக்கும். 2018இல் பூத்த நீலக்குறிஞ்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது புல்வெளிச் சரிவில் ஒழுங்கில்லாமல் பரவும் முழங்கால் உயரப் புதர், மணி வடிவப் பூ. 'அங்கங்கே சிதறிப் பரவிய புதர்கள், இடையிடையே புல், பள்ளத்தில் மட்டும் அடர்ந்த சோலை' என்று சேர்த்தால் படம் இந்தப் பக்கம் வரும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் செட்டிங்ஸில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஸ்டெப் (படத்தைத் தீட்டும் சுற்றுகள்) 20 முதல் 30, சிஎஃப்ஜி (ப்ராம்ப்டை எவ்வளவு கறாராகப் பின்பற்ற வேண்டும் என்ற அளவு) 7 பக்கம் போதும். சிஎஃப்ஜி 15க்கு மேல் போனால் நிறம் கருகினாற்போல் ஆகும். 1.5 பதிப்பு 512 பிக்சல் சதுரத்தில் பழகியது, அதில் நேராகப் பெரிய படம் கேட்டால் இரண்டு தலை முளைக்கும். எக்ஸ்எல்லுக்கு 1024. பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்தைக் கேட்காதீர்கள். பலகையை வெறுமையாக வாங்கி, எழுத்தைப் பின்னால் எடிட்டரில் ஒட்டுங்கள்.

பயிற்சிக்கு முதல் வாரம் கம்ப்யூட்டரே வேண்டாம். குன்னூர் சிம்ஸ் பூங்காவிலோ பஸ் ஸ்டாண்டிலோ நின்று, பார்ப்பதை 40 சொற்களில் எழுதுங்கள். அந்த இடத்தைச் சொல்லாமல் நண்பரிடம் கொடுத்துப் பென்சிலில் வரையச் சொல்லுங்கள். அவர் எங்கே நிறுத்தி, 'கூடை முதுகிலா இடுப்பிலா?' என்று கேட்கிறாரோ அங்கேதான் ஏஐயும் தன் இஷ்டத்துக்கு நிரப்பும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஸீடை (படம் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்கும் என்பதற்கான எண்) நிலையாக வைத்து, ஒரு தடவைக்கு ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். ஸீடும் மாறி, மூன்று சொல்லும் மாறினால் எதனால் எது வந்தது என்று தெரியவே தெரியாது.

தேர்வு ஒரு மணி நேரமானால் முதல் 10 நிமிடம் தாளில் எழுதவே போகட்டும். பிறகு நான்கு படம் எடுத்து, கோணமும் அமைப்பும் சரியாக உள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை, முகம், சக்கரம் போன்ற சில்லறைப் பிழைக்காக முழுப் படத்தையும் மறுபடி எடுப்பது வீண். அந்த இடத்தை மட்டும் மறைத்து இன்பெயின்ட் செய்யலாம், அதாவது அதை மட்டும் மறுபடி வரையச் சொல்லலாம். டீநாய்ஸ் (எவ்வளவு மாற்ற வேண்டும் என்ற அளவு) 0.4 முதல் 0.6. குறைத்தால் பிழை அப்படியே நிற்கும், கூட்டினால் சுற்றுப்புறத்தோடு ஒட்டாது. கடைசி 10 நிமிடம் பதிவேட்டுக்கு: ப்ராம்ப்ட், ஸீட், மாடல் பதிப்பு, அளவு, சாம்ப்ளர் (படத்தைப் படிப்படியாகத் தீட்டும் முறை), ஸ்டெப், சிஎஃப்ஜி. ஸீட் மட்டும் எழுதி மாடல் பெயரை விட்டால் அதே படம் திரும்ப வராது.

தோடர் பழங்குடியினரின் பூத்துக்குளி என்ற பூவேலைப் போர்வையைத் தலைப்பாக எடுப்பவர்களுக்கு ஒரு சொல். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், நூலை எண்ணிப் போடும் கோணக் கோலங்கள் என்று எழுதினாலும் மாடல் தருவது அச்சடித்த பூப்போட்ட சால்வையாகத்தான் இருக்கும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது. தோடர் கோலம் என்று ஏஐ கற்பனை செய்ததைக் காட்டுவதைவிட, அணிந்தவரின் அனுமதியோடு எடுத்த போட்டோவை ஆதாரப் படமாகக் கொடுத்து, துணியைத் தொடாமல் பின்னணியை மட்டும் மறைத்து மாற்றுங்கள்.