மெட்ரிக் கிடைக்காத பிள்ளைகளுக்கு

மலேசியாவில் ஐந்தாம் படிவக் கடைசியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்தாலே எங்கள் வட்டாரத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மெட்ரிக் கிடைக்கலேன்னா பிள்ளையை எங்கம்மா சேர்க்கிறது?" மெட்ரிக் என்பது மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன் அரசாங்கம் நடத்தும் படிப்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது, இடம் கிடைக்காதது பெரும்பாலும் உங்கள் குறையல்ல. மலேசியாவில் மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் மற்றப் பூர்வகுடியினருக்கும். மிச்சமுள்ள 10 விழுக்காட்டுக்குள்தான் சீனர், இந்தியர், மற்றவர் எல்லாரும். 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தினார்கள், ஆனால் விகிதத்தைத் தொடவில்லை. 2024இல் எஸ்பிஎம்மில் 10ஏ, அதாவது பத்துப் பாடங்களில் ஏ எடுத்த எல்லா இனத்து மாணவர்களுக்கும் இடம் உறுதி என்று பிரதமர் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் டியூஷனுக்கு வழியில்லாத வீட்டில் இருந்துகொண்டு 6ஏ, 7ஏ எடுக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அதில் என்ன கிடைத்தது? ஏழைப் பிள்ளைக்குக் கைகொடுப்பதுதான் நோக்கம் என்றால் வீட்டு வருமானத்தைப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் இனத்தைப் பார்த்து ஏழ்மையை அளக்க முடியாது.

நான் எஸ்பிஎம் எழுதியது 2010இல். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார், அம்மா வீட்டில் தையல் வேலை. எனக்கும் மெட்ரிக் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணமில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும், "பொம்பளைப் பிள்ளைதானே, ஃபேக்டரியில் சேர்த்து விடுங்க" என்றார்கள். அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் லாரிக்கு லீவு போட்டுவிட்டு, ஆறாம் படிவம் இருக்கும் பள்ளிக்கு என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார்.

ஆறாம் படிவம் என்றாலே பயமுறுத்துவார்கள். அதன் முடிவில் பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு கடினம்தான், ஒளிக்கவில்லை. மெட்ரிக்கை ஓர் ஆண்டில் முடித்துவிடலாம், இது ஒன்றரை ஆண்டு இழுக்கும். நான் எழுதியது பழைய முறை, எல்லாப் பாடத்துக்கும் கடைசியில் ஒரே தேர்வு. இப்போது மூன்று தவணையாகப் பிரித்துவிட்டார்கள், ஒன்றில் சறுக்கினாலும் திரும்ப எழுதலாம். செலவு மிகக் குறைவு. இன ஒதுக்கீடும் இந்தத் தேர்வுக்கு இல்லை.

எஸ்டிபிஎம்மில் பெங்காஜியான் அம் (பொது அறிவு) என்று ஒரு கட்டாயப் பாடம். முழுக்க மலாயில் கட்டுரை எழுத வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய், மலாய் போதவில்லை என்று புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்காரவைக்கப்பட்டவள் நான். அந்த வகுப்பில் இருந்தவர்களில் பலர் ஐந்தாம் படிவம் வரைகூட வரவில்லை. அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை எனக்கு. ஆறாம் படிவத்தில் வந்த மலாய் ஆசிரியை ஒருவர் என் கட்டுரைகளை வாங்கிப் போய், வரிக்கு வரி சிவப்பு மையில் திருத்தித் தருவார். சில சமயம் என் எழுத்தைவிட அவர் எழுத்து அதிகமாக இருக்கும். "இதே பத்தியைத் திரும்ப எழுது" என்பார், எழுதுவேன். அவருக்குக் கூடுதல் சம்பளம் எதுவும் கிடையாது, நான் அவர் இனமும் இல்லை.

எஸ்டிபிஎம் முடித்து அரசுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தேன், பிடிபிடிஎன் என்ற அரசு கல்விக் கடனில். 2017இல் வேலை தேடினால் அடுத்த கதவு. விளம்பரத்துக்கு விளம்பரம் மண்டரின் (சீன மொழி) தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கும். ஓரிடத்தில் போனிலேயே, "நீங்கள் இந்தியரா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் வைத்துவிட்டார்கள். கணக்குத் துறையிலும் பொறியியல் துறையிலும் புதிய பட்டதாரிகளின் பெயரில் கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சீனப் பெயர் கொண்டவற்றில் 22 விழுக்காட்டுக்கு அழைப்பு வந்ததாம், மலாய்ப் பெயர் கொண்டவற்றில் 4 விழுக்காட்டுக்குத்தான். இந்தியப் பெயர்களை அவர்கள் சோதிக்கவே இல்லை. அரசாங்கக் கதவு ஒரு பக்கம், தனியார் கதவு இன்னொரு பக்கம், நடுவில் நம் பிள்ளைகள்.

கடைசியில் எனக்கு வேலை கொடுத்தவர் ஒரு சீனப் பெண்மணி, சிறிய கணக்கு அலுவலகம் நடத்துபவர். நேர்காணலில் ஒரு காகிதத்தைத் தள்ளி, வாடிக்கையாளர் ஒருவருக்காக வருமான வரி வாரியத்துக்கு மலாயில் கடிதம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "திங்கட்கிழமை வா" என்றார். 2018 ஜூனில் ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரியை 6 விழுக்காட்டிலிருந்து சுழியம் ஆக்கி, செப்டம்பரில் எஸ்எஸ்டி என்ற விற்பனை சேவை வரியைக் கொண்டுவந்தார்கள் அல்லவா, அந்தச் சில மாதங்களில் சுங்கத் துறைக்குப் போன கடிதங்களை எல்லாம் எழுதியது நான்தான். அந்த ஆசிரியையின் சிவப்பு மைக்கு அங்கே விலை கிடைத்தது.

சரி, பிள்ளைகளுக்கு வருகிறேன். மெட்ரிக் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருந்து ஆறாம் படிவச் சேர்க்கையைத் தவறவிடாதீர்கள். இரண்டும் ஒன்றாக நடக்கட்டும். அரசுப் பல்கலைக்கழக இடத்துக்குத் தேர்வு மதிப்பெண் 90 விழுக்காடு, புறப்பாடம் 10 விழுக்காடு. நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுவது இந்தப் பத்தில்தான். மன்றத்தில் பெயர் மட்டும் இருந்தால் போதாது, பொறுப்பு வேண்டும், போட்டி வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும். ஆறாம் படிவத்தில் சேர்ந்த முதல் மாதமே ஒரு கோப்பு வாங்கி, கிடைக்கும் ஒவ்வொரு தாளையும் நகலெடுத்து அதில் போட்டு வையுங்கள்.